பொறுப்பு என்று பெயரெடுத்த பயம்

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருவில் பொறுப்பான மனிதர் யார் என்று கேட்டால் எல்லாரும் என் அப்பாவைத்தான் காட்டுவார்கள். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் தன் பிள்ளைகளைத் திட்டும்போதுகூட "அவரன்ன நோடி கலீரி" என்பாள். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. அந்தப் பெயருக்கு அடியில் இருந்தது ஓயாத பயம் என்பது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. எழுபதுகளில் அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியும் இல்லை.

அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்பாவுக்குக் குமாஸ்தா உத்தியோகம். சாயங்காலம் சைக்கிளை உள்ளே ஏற்றி வைத்துவிட்டு, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு ஜகலிக்கு வந்துவிடுவார். மைசூர்க்காரர்களான நாங்கள் திண்ணையை ஜகலி என்றுதான் சொல்வோம். வீட்டில் அத்தனை பேரும் திரும்பும்வரை அங்கிருந்து எழுந்திருக்க மாட்டார். ட்யூஷன் முடிந்து தியாகராஜா ரோட்டைத் தாண்டி நான் வரும்போதே தூரத்தில் அவர் எழுந்து நிற்பது தெரியும். கொஞ்சம் தாமதமானால் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே வந்துவிடுவார். "எங்கடி போனே இவ்வளவு நேரம்? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்." குரலில் கோபம் இருக்காது. கழுத்து நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

பெங்களூருக்கு ரயில் ஆறு மணிக்கு என்றால் நாங்கள் நாலு மணிக்கே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். தந்திச் சேவகர் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்தால், அவர் எந்த வீட்டு வாசலில் இறங்குகிறார் என்று தெரியும்வரை அப்பாவுக்குப் பேச்சு வராது. தசராவில் ஜம்பூ சவாரி என்னும் யானை ஊர்வலம் பார்க்க ஊர் உலகமே மைசூருக்கு வரும். அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் போனதில்லை. கூட்டத்தில் நெரிசல் வந்துவிட்டால்? யானை மிரண்டுவிட்டால்? கைப்பிடி நழுவிக் குழந்தை தொலைந்துவிட்டால்? வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு மைசூர் ஆகாசவாணியில் நேர்முக வர்ணனை கேட்டோம். அம்பாரி எந்தச் சந்திப்பைத் தாண்டுகிறது என்று வானொலி சொல்லும். அதே கூட்டத்தின் இரைச்சல் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகவும் கேட்கும். என் தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இதெல்லாம் எங்கள் வீட்டில் ஒழுங்கு, முன்யோசனை, அக்கறை என்றே எண்ணப்பட்டது. அக்கறை இல்லாமலும் இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குடித்துவிட்டு வருகிற மனிதரிடம், கை நீட்டுகிற மனிதரிடம் ஏதோ கோளாறு என்று தெருவுக்கு உடனே தெரிந்துவிடும். குடும்பத்துக்காகவே கவலைப்படுகிறவரிடம் என்ன குறை சொல்ல முடியும்?

அவர் உடம்பு மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொள்வார். "விரலெல்லாம் மரத்துப்போறது" என்பார். அம்மா ஓமம் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். வயிறு ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. ஈசிஜி எடுப்பார்கள். "எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்பார் டாக்டர். வலி நிஜமாக இருக்கிறது, காகிதத்தில் ஒன்றும் இல்லை என்று வருகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். நல்ல சேதி கேட்ட முகமாக அது இருக்காது. அப்புறம் ஒரு பி-காம்ப்ளெக்ஸ் ஊசி, தூங்குவதற்கு ஒரு மாத்திரை. டயஸெபாம் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரையைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது என்பதை இன்றைக்கு எந்த மருத்துவரும் முதலிலேயே சொல்லிவிடுவார். அப்பா அதை வருஷக்கணக்கில் சாப்பிட்டார்.

அவருக்கு நிஜமாக ஆறுதல் தந்தது நஞ்சன்கூடுதான். திப்பு சுல்தான் தன் பட்டத்து யானைக்குக் கண் சரியானதும் ஹக்கீம் நஞ்சுண்டன் என்று அழைத்ததாகச் சொல்லப்படும் ஸ்வாமி. திங்கட்கிழமை லீவு கிடைத்தால் போய்க் கபிலை ஆற்றில் முழுக்குப் போட்டு, தரிசனம் பண்ணிவிட்டு மத்தியானம் திரும்புவார். அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் ஜகலியில் சாய்ந்து உட்காருவார். அந்தக் கோயிலை நான் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். கோயிலுக்குப் போனவரை வைத்தியத்துக்கும் அழைத்துப்போக யாரும் இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

வைத்தியத்துக்கான அறிவு தூரதேசத்தில் இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்தபடியாக மனவியலுக்குத் தனித் துறை தொடங்கிய பல்கலைக்கழகம் மைசூர்ப் பல்கலைக்கழகம். வருஷம் 1924. தொடங்கியவர் லண்டனில் படித்துவிட்டு வந்த எம்.வி. கோபாலஸ்வாமி. மகாராஜா கல்லூரியில் மனவியல் ஆய்வுக்கூடமே அமைத்தார். எங்கள் அக்ரஹாரத்திலிருந்து அந்தக் கல்லூரிக்கு நடந்தே போகலாம். இதே கோபாலஸ்வாமிதான் 1935இல் தன் வீட்டிலேயே ஒரு சின்ன ஒலிபரப்பியை வைத்து வானொலி நிலையம் நடத்தினார். அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வந்தது. பிற்பாடு நாடு முழுவதுக்குமான வானொலி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. தசரா அன்று நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட மைசூர் ஆகாசவாணிக்கு மூலவர் அவர். அந்த மனிதர் கொடுத்த வானொலி எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் ஊருக்குக் கொண்டுவந்த மனவியல் வந்து சேரவில்லை. அது பி.ஏ. பாடமாகக் கல்லூரிக்குள்ளேயே இருந்துவிட்டது.

மூச்சைப் பற்றிய கல்வியும் பக்கத்திலேயே இருந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1933 முதல், ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாசாரியார் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிசும் அவரிடம் படித்தவர்கள். ஜோயிஸ் 1948இல் லட்சுமிபுரத்தில் தன் பள்ளியைத் தொடங்கினார். நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது அங்கே வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். உலகின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள் லட்சுமிபுரத்தில் நிதானமாக மூச்சுவிடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்த பேட்டையில் என் அப்பா நடுராத்திரியில் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் 1954இல் வந்தது. 1974இல் அதுவே நிம்ஹான்ஸ் ஆனது. ஆனால் எங்கள் தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் முந்தைய கதை. 1847இல் பெங்களூரில் தொடங்கிய பைத்தியக்கார விடுதியின் நினைப்பு நூறு வருஷம் தாண்டியும் போகவில்லை. ஹுச்சாஸ்பத்ரே என்பார்கள். சங்கிலி, கம்பிக்கதவு, வெளியே சொல்ல முடியாத அவமானம். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் அந்த வாசலை மிதிப்பான்? மருத்துவமே அப்போது தெளிந்துகொண்டிருந்தது. ஓயாத கவலையைத் தனி நோயாகப் பிரித்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்தது 1980இல்தான். அதற்குள் அப்பா ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார்.

அப்பா 2003இல் காலமானார். ஜகலியோடு இருந்த மங்களூர் ஓட்டு வீடும் போய், அந்த இடத்தில் இப்போது நான்கு மாடி. இரண்டாவது மாடியில் நான் இருக்கிறேன். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே எனக்கு என்ன பெயர் என்று சொல்லத் தேவையில்லை. கேஷ் டேலி ஆன பிறகும் இன்னொரு முறை எண்ணுகிறவள், சாவியைக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று மேனேஜர்கள் நம்புகிறவள். வீட்டுக்கு வந்தபின் எண்ணியது சரிதானா என்று படுக்கையில் மறுபடி எண்ணுவேன். இதுவும் பொறுப்புதான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அப்பா காலத்துப் பயத்துக்கும் என்னுடையதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அத்தை மெட்ராஸுக்கு ரயில் ஏறினால், சௌக்கியமாக வந்து சேர்ந்தோம் என்று போஸ்ட்கார்டு வர மூன்று நாலு நாள் ஆகும். அதுவரை அப்பாவுக்கு வேதனைதான். ஆனால் நடுவில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. விசாரிக்க வழியில்லாததால் குளிப்பார், ஒர்க்‌ஷாப்புக்குப் போவார், அந்த வேலைகளில் பயம் சற்றுப் பின்னுக்குப் போகும். கார்டு வந்ததும் படித்து ஆணியில் குத்திவைத்தால் அந்தப் பயணத்தைப் பற்றிய கவலை முடிந்தது.

என் பெண் டப்ளினில் இருக்கிறாள். அவள் விமானம் ஏறினால் அது அரபிக்கடலுக்கு மேல் எங்கே இருக்கிறது என்று என் கைப்பேசி காட்டுகிறது. வாட்ஸாப்பில் ஒரு டிக்கா, இரண்டு டிக்கா, நீலமாகிவிட்டதா, கடைசியாக எத்தனை மணிக்கு வந்தாள், வந்தவள் ஏன் பதில் போடவில்லை. அந்த ஊர் மழை, அந்த ஊர் செய்தி, அந்த ஊரில் நடந்த பஸ் விபத்து. பார்த்தால் ஒரு நிமிஷம் நெஞ்சு அடங்கும். அடுத்த நிமிஷம் மறுபடி பார்க்கத் தோன்றும். எரிகிற அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே ஏன் அணையவில்லை என்று கேட்பதுபோல்தான் அது. சரிபார்க்க வழியே இல்லாததுதான் அப்பாவுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. எனக்கு அந்த ஓய்வும் இல்லாமல் போயிற்று.

என் பயத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். கடைவாய்ப்பல் வலி என்று போனேன். விளக்கைத் தள்ளிவிட்டு, "ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா மேடம்? மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தட்டையாத் தேய்ஞ்சிருக்கே" என்றார். கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். காதுக்கு முன்னால் தாடைத் தசையில் விரலை வைத்து அழுத்தியபோது உயிர் போனது. "இதுக்கு நான் பிளேட் போட்டுத் தரேன். ஆனா எதனால கடிக்கிறீங்கன்னு வேற யார்கிட்டயாவது கேளுங்க" என்றார்.

அந்த வேற யாரிடமாவது போகுமுன் ஒரு பொது மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அது சரியான முறை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். ரத்தசோகையிலும் படபடப்பு வரும். டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், ஈசிஜி எல்லாம் நார்மல். அப்பாவுக்கு இந்த இடத்தில்தான் வைத்தியம் நின்றுபோனது. எனக்கு இந்த இடத்தில் அந்த மருத்துவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஜி.ஏ.டி.-7 என்று பெயர். ராபர்ட் ஸ்பிட்ஸர் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் கூட இருந்தவர்களும் 2006இல் வெளியிட்டது. ஏழே கேள்விகள்: கடந்த இரண்டு வாரத்தில் கவலையை நிறுத்த முடியாமல் போனதா, ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று பயம் இருந்ததா, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. மொத்தம் 21. பத்து வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும், பதினைந்தும் அதற்கு மேலும் வந்தால் கடுமை. என்னுடையது பதினைந்தைத் தாண்டியிருந்தது. இந்தத் தாள் மட்டுமே நோயை முடிவு செய்துவிடாது என்று அவர் சொன்னார். ஆனால் அந்த ஏழு வரிகளைப் படித்தபோது, ஜகலியில் உட்கார்ந்திருந்த மனிதரை யாரோ ஒருவர் எட்ட நின்று பார்த்து எழுதியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. அந்த நாற்காலியிலேயே அழுதேன்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடியறையில் பார்க்கிறார். என் பெண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். கன்னடத்தில் பேசினோம். பயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் நான் தமிழுக்கு மாறிவிடுவேன். அவருக்குத் தமிழ் புரியும், தடுக்கவில்லை. முதல் நாள் அறிவுரை ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். தைரியமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காபி என்று கேட்டார். எத்தனை மணிக்குக் கடைசி டம்ளர் என்று கேட்டார். கடுங்காபியின் கஃபீன் இதயத்தைத் துரிதப்படுத்தும். பயந்த மனம் அந்தத் துடிப்பையே அபாயம் என்று எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். அப்பா சாயங்காலம் ஜகலிக்கு எடுத்துப்போகும் அந்த டம்ளர் எனக்கு ஞாபகம் வந்தது.

விரல் மரத்துப்போவதற்கும் அங்கேதான் காரணம் தெரிந்தது. பயத்தில் வேகமாக, மேலாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவு குறைகிறது. அதனால் விரல் நுனியும் உதடும் மரக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். ஈசிஜியில் அது வராது. அப்பாவின் வலி பொய் இல்லை என்று அறிவியல் சொல்லிவிட்டது. சொல்லிக் கேட்க அவர்தான் இல்லை.

மூன்றாவதோ நாலாவதோ சந்திப்பில் சைக்காலஜிஸ்ட் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க கவலைப்படறதை நிறுத்திட்டா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க அம்மா?"

"ஏதாவது நடந்துடும்."

"கவலைப்பட்டதால நடக்காம நின்னுபோனது ஒண்ணு சொல்லுங்க."

யோசித்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் என் வாயிலிருந்து வந்த பதில் எனக்கே புதிது: "எங்கப்பா ஆயுசு முழுக்கக் கவலைப்பட்டுண்டே இருந்தார். எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

இதுதான் வேர். பயம் எங்களைக் காப்பாற்றியது என்று நான் ஐந்து வயதிலிருந்து நம்பியிருக்கிறேன். பயப்படாமல் இருந்தால் என் பெண்ணை நான் கைவிட்டதாகும் என்று நம்பியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்காக யாரும் இரண்டு மணிக்கு எழுந்து உட்காரவில்லை. அவர்கள் ஜம்பூ சவாரி பார்த்தார்கள், மழையில் நனைந்தார்கள், நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை அவர் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு என்னையே சொல்லவைத்தார்.

அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பித்தது. ஒரு நோட்டுப் புத்தகம், மூன்று பத்தி. இடதுபக்கம் என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன். நடுவில் நூற்றுக்கு எத்தனை நிச்சயம். வலதுபக்கம் என்ன நடந்தது. ஒரு வரியை அப்படியே சொல்கிறேன். இடதுபக்கம்: ராத்திரி பதினொன்று, போன் எடுக்கவில்லை, ஆக்ஸிடென்ட். நடுவில்: 90. வலதுபக்கம்: குளித்துக்கொண்டிருந்தாள். வங்கியில் வருஷக்கணக்காகப் பற்று வரவு பார்த்தவளுக்கு இந்தக் கணக்கு புரிந்தது. வலதுபக்கம் நிறைய நிறைய, நடுவில் நான் போடும் எண் தானாகச் சின்னதாகிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை கவலைக்கென்று ஒதுக்கிய நேரம். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வார்த்தையில் குறித்துவிட்டு ஐந்து மணிக்குத் தள்ளிவைக்க வேண்டும். ஐந்து மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் பாதிக்கு உயிர் போயிருக்கும். கடினமானது கைப்பேசிதான். விமானம் இறங்கியதும் ஒரே ஒரு செய்தி, நடுவில் பார்க்கக் கூடாது. முதல் தடவை உள்ளங்கை வேர்த்து, அறைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். பயம் ஏறியது, உச்சியில் நின்றது, பிறகு நான் ஒன்றும் செய்யாமலே இறங்கியது. எதையும் சரிபார்க்காமல் அது தானே இறங்குவதை என் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தேன். என் பெண்ணும் உதவினாள். ஒரே கேள்வியை நான் இரண்டாம் தடவை கேட்டால், "அம்மா, இதுக்கு நான் பதில் சொல்லிட்டேன், மறுபடி சொல்லமாட்டேன்" என்பாள். அன்பில்தான் சொல்கிறாள்.

மனநல மருத்துவரும் பார்த்து ஒரு மாத்திரை எழுதினார். அப்பாவின் மாத்திரை வகை இல்லை இது. வேலை செய்யவே சில வாரம் ஆகும், உடனே மயக்காது. நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும். எல்லாருக்கும் மாத்திரை வேண்டியதில்லை. வேண்டியவர்கள் அதற்காக வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

பெங்களூர் பசவனகுடியில் இருக்கும் என் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம அப்பா கவுன்சிலிங்கெல்லாம் போனாரா? நன்னாத்தானே இருந்தார்?" என்றான்.

"அவர் நன்னா இல்லைடா. நாமதான் நன்னா இருந்தோம்" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ராத்திரி எனக்கும் தூக்கம் சரியாக வருவதில்லை என்று போனில் சொன்னான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அவன்.

அடுத்து யார் போவதானாலும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. கவுன்சிலர் என்று போர்டு மாட்டுவது இந்த நாட்டில் சுலபம். பயிற்சி இல்லாதவர்களும் மாட்டுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவில் பதிவு இருக்க வேண்டும். கேட்டால் பதிவெண்ணைச் சொல்வார்கள், கேட்பதில் தப்பில்லை. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு அதைச் சொல்லிவிட்டது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் வைத்தியத்துக்குக் கைக்காசுதான். பென்ஷன் வருகிறது, என்னால் முடிந்தது. முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, கவலை, மனச்சோர்வு போன்ற பரவலான மனநோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று காட்டியது. அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் பொறுப்பானவர் என்று பெயரெடுத்துக்கொண்டு ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

பணம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது என்பது அப்பா காலத்தில் இல்லாத ஒன்று. மைசூர் கே.ஆர். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கள் அக்ரஹாரப் பக்கத்திலேயே, ஜே.எஸ்.எஸ். ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் டெலிமானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை நடக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இதை நான் கண்டவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

போன வாரம் வாணிவிலாஸ் மார்க்கெட்டில் எங்கள் மாடியின் கீழ்வீட்டு மாமா என்னைப் பிடித்தார். எழுபதைத் தாண்டியவர். பேரன் ஸ்கூட்டரில் காலேஜுக்குப் போய்த் திரும்பும்வரை கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"நீ போறியே ஒரு இடம், அங்க வயசானவாளையும் பார்ப்பாளாம்மா?"

"பார்ப்பா மாமா. யாருக்கு?"

வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்துக்கொண்டே, "எனக்குத்தான்" என்றார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் செலவு எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்கு வரிசை, பழைய ஈசிஜி ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோக வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஜே.எஸ்.எஸ். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதாகப் பேசியிருக்கிறோம். எட்டு மணிக்கே போய்விடலாமே என்றார் மாமா. எட்டரை போதும் என்று சொல்லியிருக்கிறேன்.